கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: டெக்சாஸில் நண்பரின் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டிகள் (ஓநாய் போன்ற சிறிய காட்டு விலங்கு) தூக்கிக்கொண்டு போகின்றன. ஒருநாள் 50 கெஜத்தில் புதரிலிருந்து வருகிறது, இன்னொரு நாள் 300 கெஜத்தில் நிற்கிறது. என் .223 தோட்டா போடும் ரைஃபிள் போதுமா, அதைவிட வேகமான .22-250 தோட்டா போடும் ரைஃபிள் வாங்கட்டுமா?

பதில்: போதும். கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 20 கிலோதான் இருக்கும், அதற்கு .223 ரெமிங்டனில் நொடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் போகிற 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்) குண்டு தாராளம். ஸ்கோப்பை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்யுங்கள். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும், 300-ல் ஏழெட்டு அங்குலம் இறங்கும், ஆகவே 200 வரை தோளுக்குப் பின்னால் நேராகவே குறி வைக்கலாம். 300-ல் உண்மையான தொல்லை காற்றுதான். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றே ஒன்பது அங்குலம் அளவுக்குத் தள்ளிவிடும், குண்டு வயிற்றில் பட்டால் அந்த உயிர் எங்கோ போய்த் துடிக்கும். காற்று அடிக்கிற நாளில் விட்டுவிடுங்கள்.

கனமான 77 கிரெய்ன் குண்டு வாங்கும் முன், குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்று குழலில் பொறித்திருப்பதைப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்தால் அந்தக் கனமான குண்டு சரிப்படாது, குண்டு புரண்டு போய்க் காகிதத்தில் சாவித்துளை மாதிரி நீளமாக ஓட்டை விழும். அப்புறம், .223 என்று மட்டும் பொறித்த ரைஃபிளில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள், அழுத்தம் அதிகமாகலாம். பெரும்பாலும் 300 கெஜத்துக்கு மேல்தான் சுடுகிறீர்கள் என்றால் மட்டும் .22-250 பற்றி யோசிக்கலாம்.