படிகவியல் படிக்கட்டும், முதலில் ஒரு கோடையை ஆய்வகத்தில் கழிக்கட்டும்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எக்ஸ்-கதிர் படிகவியலைக் கொண்டு புரதங்களின் அமைப்பைக் கண்டறியும் துறைக்குப் போகப் பிரியப்படுகிறாள். “அதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாமே, பிள்ளை படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்பாளோ” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது, புரதத்தின் அமைப்பைக் கணினியிலேயே கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற மென்பொருளாக இருக்கும். 2020-இல் அது காட்டிய துல்லியம் துறையையே உலுக்கிவிட்டது. 2024-இல் அதை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அந்த மென்பொருள் எதைப் படித்துக் கற்றுக்கொண்டது தெரியுமா? 1971-இல் வெறும் 7 புரத அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியை. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை படிகம் வளர்த்துக் கண்டுபிடித்தவை.

படிகவியல்காரர்களே இன்று ஆல்ஃபாஃபோல்டைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படிகத்தின் மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தினால் டிடெக்டரில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று தெரியும். அந்த அலை மேடாக வந்து சேர்ந்ததா, பள்ளமாக வந்து சேர்ந்ததா என்பது மட்டும் பதிவாகாது. அது தெரியாமல் அமைப்பைக் கணக்கிட முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க மாக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 1950-களில் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்துக்குள் பாதரச அணுக்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று கணினி கணித்த மாதிரியை ஆரம்பமாக வைத்துக்கொண்டு பல புரதங்களுக்கு இந்தச் சிக்கலைச் சீக்கிரமே கடந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒரு புதிய மருந்து மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மருந்து நிறுவனங்கள் இன்னமும் சோதனைத் தரவைத்தான் கேட்கின்றன. அதனால் துறை போய்விடும் என்ற கவலை வேண்டாம்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இந்த வேலையின் தினசரி முகம் உங்கள் மகளுக்குத் தெரியுமா? பாடப்புத்தகத்தில் வண்ண வண்ணச் சுருள்களாக வரும் படம் கடைசி நாளில் கிடைப்பது. அதற்கு முன்னால் அந்தப் புரதத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, புரதத்தைச் சுத்தம் செய்து, 24 குழி கொண்ட தட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு கரைசலாக ஊற்ற வேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டில் ஒரு மைக்ரோலிட்டர் புரதம், ஒரு மைக்ரோலிட்டர் கரைசல். அதைத் தலைகீழாகக் குழியின் மேல் வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி மூட வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் திப்பிதிப்பியாக வீழ்படிவுதான் இருக்கும். அபூர்வமாகப் பளிச்சென்று ஒரு படிகம் தெரியும். ஊசியால் தொட்டால் புரதப் படிகம் மாவாக நொறுங்கும்; ஏனென்றால் அதில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். நொறுங்காமல் ‘டக்’கென்று கெட்டியாக நின்றால் அது உப்பு, மறுபடி முதலிலிருந்து. எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இந்தப் பொறுமை இருக்கிறதா என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

அதனால் என் முதல் ஆலோசனை: எந்தப் படிப்பு என்று முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு கோடை விடுமுறையை அவள் இப்படிப்பட்ட ஆய்வகத்தில் கழிக்கட்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் எழுதலாம். எதற்காக அந்த ஆய்வகம் என்று இரண்டு வரி தெளிவாக இருந்தால் போதும்.

சென்னையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிர் இயற்பியல் துறை ஜி.என்.ராமச்சந்திரன் வளர்த்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் தோல், எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பை 1954-இல் முன்வைத்தார்கள். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ கொண்டுதான் இன்றும் உலகெங்கும் புதுப் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய சொத்து நம் பக்கத்தில் இருப்பது பல கல்லூரிகளுக்கே தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இயற்பியல் படித்தவளுக்கு உயிரியல் வருமா என்று தயங்காதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பி.எச்டி. வாங்கியது இயற்பியலில். பிறகு உயிரியலுக்கு மாறி, செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்புக்காக 2009-இல் நோபல் பகிர்ந்தார். உங்கள் மகள் மூன்றாம் ஆண்டில் ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதட்டும், ஐ.ஐ.டி. எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி. இரண்டுக்கும் அது வழி. கூடவே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். படிகவியலோடு, படிகமே வளர்க்காமல் புரதத்தை உறைய வைத்துப் படம் எடுக்கும் கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கியும் கற்றுத்தரும் குழுவாகத் தேடட்டும். ஒரே கருவியை நம்பி நிற்பது இனி புத்திசாலித்தனம் இல்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. உதவித்தொகை இல்லாமல் பி.எச்டி. சேர்வதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். முடிக்கும்போது வயது இருபத்தெட்டைத் தாண்டிவிடும். பேராசிரியர் வேலை குறைவு, போட்டி அதிகம். பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் இந்தத் திறமைக்கு இடம் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால் இந்தக் காலக்கணக்கை வரும் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லும் நிலை வரவே கூடாது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வர வேண்டாம். அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களோடு தனியாக ஒரு டீ சாப்பிடச் சொல்லுங்கள். முடித்துப் போனவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வரட்டும். அந்தப் பதில்களோடு என்னிடம் வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.