‘தட்’ எந்த வகை? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிரதிப்பெயரின் (ப்ரோநவுன்) வகைகளை மாணவர்கள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் வாக்கியத்தில் வரும் ‘தட்’ எந்த வகை என்று கேட்டால் விழிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் ‘திஸ் பென் இஸ் மை’ என்கிறார்கள். ஒரு புத்தகம் எட்டு வகை என்கிறது, இன்னொன்று ஒன்பது என்கிறது. வகைகளைக் கற்பிப்பதில் பயன் உண்டா? தமிழில் விளக்குவது தவறா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகைகளைக் கற்பிப்பதில் பயன் உண்டு. பட்டியலிலிருந்து தொடங்குவதில்தான் சிக்கல். ஒரு சொல்லுக்கு ஒரு வகை என்ற எண்ணத்தைப் பட்டியல் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஆங்கிலத்திலோ ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு வேலை பார்க்கிறது. வகை என்பது அந்த வேலைக்குரிய பெயர். அவ்வேலையைக் கண்டுபிடிக்கத் தமிழ் நன்றாகவே உதவுவதால், இந்தப் பாடத்தைத் தமிழில் விளக்கத் தயங்க வேண்டியதில்லை.

‘தட்’ஐயே எடுத்துக்கொண்டு நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: ‘தட் இஸ் மை ஹவுஸ்’, ‘தட் ஹவுஸ் இஸ் ஓல்ட்’, ‘தி ஹவுஸ் தட் வீ பில்ட் இஸ் ஓல்ட்’, ‘ஐ நோ தட் ஹீ கேம்’. ஒவ்வொன்றையும் மாணவர்களே தமிழில் சொல்லட்டும். முதலாவதில் ‘அது’ வரும். தனித்து நிற்பதால் டெமான்ஸ்ட்ரேட்டிவ் ப்ரோநவுன், அதாவது சுட்டுப் பிரதிப்பெயர். இரண்டாவதில் ‘அந்த’ வரும். வீட்டைத் தழுவி நிற்பதால் அது பெயரடை. மூன்றாவதில் ‘நாங்கள் கட்டிய வீடு’ என்று பெயரெச்சம் வந்து, ‘தட்’டுக்கென்று தனிச்சொல்லே இல்லாமல் போகும், அதுதான் ரிலேட்டிவ் ப்ரோநவுன், அதாவது பெயரோடு அதன் விவரத்தைத் தொடுக்கும் பிரதிப்பெயர். நான்காவதில் ‘என்று’ வரும்; அது வெறும் இணைப்புச்சொல், பிரதிப்பெயரே அன்று. கேள்வியில் வரும் ‘விச்’சையும் ‘எது’, ‘எந்த’ என்று இப்படியே பிரிக்கலாம்.

நீங்கள் குறிப்பிட்ட ‘மை’ பிழைக்கும் இதுவே மருந்து. ‘இது என்னோட’ என்று எந்தப் பிள்ளையும் நிறுத்துவதில்லை, ‘என்னோடது’ என்றே முடிக்கிறது. அந்த ‘து’ ஒலிக்கும் இடத்தில் ‘மைன்’ வர வேண்டும் என்று காட்டினால் போதும்.

மிகுதியான நேரத்தை ரிலேட்டிவ் ப்ரோநவுனுக்கு ஒதுக்குங்கள். தமிழில் ‘மாமா கொடுத்த பேனா’ என்று விவரம் முன்னே வந்து பெயர் பின்னே வருகிறது. ஆங்கிலத்தில் பெயர் முன்னே வந்துவிடுவதால், விவரத்தைத் தொடுக்க ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘திஸ் இஸ் தி பென். மை அங்கிள் கேவ் இட்.’ என்ற இரண்டையும் இணைக்கும் மாணவர் ‘விச்’சைச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் ‘இட்’டையும் விட்டுவைப்பார். ‘இட்’ இருந்த இடத்துக்கு உரியதுதான் முன்னே நகர்ந்து ‘விச்’ ஆகியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டி, பழைய ‘இட்’டை அவர் கையாலேயே அடிக்கச் செய்யுங்கள்.

‘ஹிம்செல்ஃப்’ எளிது. ‘ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்’ என்பதில் ‘தன்னை’ வருகிறது; செயல் செய்தவனையே சேர்வதால் அது ரிஃப்லெக்சிவ். ‘ஹீ டிட் இட் ஹிம்செல்ஃப்’ என்பதில் ‘அவனே’ என்று ஏகாரம் வருகிறது. ஏகாரம் வந்தால் எம்ஃபாட்டிக், அதாவது அழுத்தத்துக்காக வருவது. அச்சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். ‘எனக்கு’, ‘என்னை’ இரண்டுக்கும் ‘மீ’ என்று சொல்லிக்கொடுத்த பிறகு, ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’ ஆவது மாணவருக்கு அநியாயமாகவே தோன்றும். பசி, பிடித்தல், தெரிதல் போன்றவற்றைத் தனியாகப் பழக்குவதைத் தவிர வழியில்லை. ‘அம்மா வந்தாங்க’ என்ற பழக்கத்தில் அம்மாவை ‘தே’ என்று எழுதும் பிள்ளையை மட்டும் சற்று மென்மையாகத் திருத்துங்கள். அது மரியாதையால் வரும் பிழை.

எட்டா ஒன்பதா என்பது, ‘ஈச் அதர்’, ‘ஒன் அனதர்’ ஆகியவற்றைத் தனி வகையாக எண்ணுவதையும், ‘ஹிம்செல்ஃப்’பின் இரு வேலைகளைச் சேர்ப்பதையோ பிரிப்பதையோ பொறுத்த கணக்கு. தேர்வுக்கு உங்கள் பாடநூலின் எண்ணிக்கையையே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் இந்தப் பயிற்சிகளெல்லாம் முடிந்த பிறகு, கடைசி வகுப்பில் சொன்னால் போதும்.