சேலம் ஜில்லாவில் முன்னோரைத் தேட யாரிடம், எப்படி எழுதிக் கேட்பது?

கேள்வி: டர்பனில் இருக்கிறோம். எங்கள் கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர். அவருடைய ஊரையும் பங்காளிகளையும் தேடித் தர உள்ளூரில் வம்சாவளிச் சங்கம் மாதிரி ஏதாவது உண்டா? எப்படிக் கேட்பது, பணம் எப்படிக் கொடுப்பது?

பதில்:

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் வம்சாவளிச் சங்கம் உண்டு. கடிதம் எழுதிக் கட்டணம் கட்டினால் உறுப்பினர் ஒருவர் தேடித் தருவார். சேலத்தில் அந்த வேலை நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகம், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய பள்ளிக்கூடம், குலதெய்வக் கோயில் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். அதற்கு யாராலும் பதில் தர முடியாது. ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு பத்தாண்டு, ஒரு பதிவேடு என்று சுருக்கிக் கேட்டால்தான் இங்கே வேலை நகரும்.

சேலத்துக்கு எழுதுவதற்கு முன்னால் உங்கள் பக்கம் முடிக்க வேண்டியது கப்பல் பட்டியல். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1860 முதல் 1911 வரை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணும் அந்த வரியின் படமும் இல்லாமல் இங்கே யாரையும் அலைய விடாதீர்கள். குடும்பத்தில் சொல்லிவரும் வருஷத்தையும் அதோடு ஒப்பிடுங்கள். 1866க்கும் 1874க்கும் இடையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. அதனால் "1870இல் போனார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்று வருஷம் தப்பு, இல்லை அவர் போனது வேறு நாடு. "தாது வருஷத்தில் கிளம்பினார்" என்பது பொருந்தும். 1876–77 பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. ஆனால் தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும், 1936உம் தாதுதான். வருஷப் பெயரை மட்டும் நம்பி எழுதினால் தேடுபவர் வேறு தலைமுறையில் போய் நிற்பார்.

அடுத்தது ஜில்லா. கப்பல் பட்டியலில் உள்ள "சேலம்" இன்றைய சேலம் மாவட்டம் அல்ல. அந்தக் காலத்தில் ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் எல்லாமே சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். திருப்பத்தூர் 1911இல் வட ஆற்காட்டோடு சேர்ந்தது, தர்மபுரி 1965இல் தனி மாவட்டமானது, நாமக்கல் 1997இல், கிருஷ்ணகிரி 2004இல். எனவே முதலில் பார்க்க வேண்டியது தாணா என்ற கட்டம். அதில் ஊத்தங்கரை என்றிருந்தால் சேலம் நகரத்தில் ஆள் பிடித்துப் பயனில்லை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத்தான் எழுத வேண்டும். எழுத்தர் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியதால் ஊர்ப் பெயர் உருக்குலைந்திருக்கும். சங்ககிரி அவர்களுக்குச் சங்கரிதுர்க், செவ்வாய்ப்பேட்டை ஷெவாபேட், குகை கூகை. வாய்விட்டுப் பல விதமாகப் படித்துப் பாருங்கள். புதூர், காட்டூர், பள்ளிப்பட்டி போன்ற பெயர்கள் ஒரே தாலுகாவில் பல இருக்கும். பக்கத்து ஊர் எது, ஆறோ மலையோ அருகில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதினால்தான் எந்தப் புதூர் என்று தெரியும்.

ஊர் தெரிந்தபின் அது ரயத்துவாரிக் கிராமமா (குடியானவரே நேரே சர்க்காருக்கு வரி கட்டிய ஊர்), மிட்டாவா என்று கேட்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டுவிட்டு, "சர்க்கார் பதிவேட்டில் எங்கள் பெயரே இல்லை" என்று சோர்ந்துபோகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவின் பல கிராமங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். அங்கே குடியானவனிடம் வரி வாங்கியவர் மிட்டாதார். சர்க்கார் கணக்கில் மிட்டாதார் பெயர்தான் வரும், உழுதவர் பெயர் வராது. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அளந்து பட்டா கொடுத்தபோதுதான் பல குடும்பங்களின் பெயர் முதன்முதலாகச் சர்க்கார் பதிவேட்டில் ஏறியது. ரயத்துவாரிக் கிராமமாக இருந்தால் நிலத்தை அளந்து வரி விதித்த பழைய செட்டில்மெண்ட், ரீ-செட்டில்மெண்ட் பதிவேடுகளில் புல எண்ணோடு (சர்வே நம்பர்) பட்டாதாரர் பெயர் கிடைக்கும். நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம், அங்கே இல்லையென்றால் எழும்பூரில் கேட்கலாம். கோயில் பூசாரி, தச்சர், வண்ணார், நாவிதர் குடும்பங்களுக்கு இனாம் நிலம் (மானியமாகத் தந்த நிலம்) இருந்திருந்தால் இனாம் பதிவேட்டை மறக்காதீர்கள். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன், யாருக்கு முதலில் மானியம் தரப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று விசாரித்து எழுதியது. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைக்க வாய்ப்பு உண்டு.

பத்திரப் பதிவுதான் இந்தத் தேடலில் மிகச் செழிப்பான இடம். 1908 பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அட்டவணை இரண்டு விதம். ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்ப்படி, மற்றது சொத்து இருக்கும் ஊர்ப்படி. புல எண் தெரியாத உங்களுக்கு வேண்டியது பெயர் அட்டவணை. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் கேட்டாலும் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது, "வாரிசுச் சான்று கொண்டுவா" என்று திருப்பி அனுப்பினால் பிரிவைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பிற்காலத்துக்குத்தான் உதவும், பழையதற்கு அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். தேடல் கட்டணம் எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தது. ஐந்தாண்டு கேட்பதும் ஐம்பதாண்டு கேட்பதும் ஒன்றல்ல.

பத்திரம் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது? 1890களில் எழுதிய ஒரு கிரயப் பத்திரம் இந்த வாகில் தொடங்கும்: "சேலம் ஜில்லா ஆத்தூர் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும், இன்ன ஜாதி, விவசாயம் ஜீவனம், இன்னார் குமாரன் இன்னாருக்கு, ௸ ஊரிலிருக்கும் இன்னார் குமாரன் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்." தேதியில் ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௸ என்றால் மேற்படி. பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் கீழே செக்குபந்தியைப் படியுங்கள். நாலு எல்லையிலும் யார் யார் நிலம் என்று அங்கே இருக்கும். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த பூர்வீக நிலம் பாகம் பிரிந்துதான் துண்டாகிறது என்பதால், எல்லையில் வரும் பெயர்களில் பல பங்காளிகளாக இருக்கக்கூடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே தாளில் வருவார்கள். வருவாய்க் கணக்கில் ஆண்டு பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1305 என்பது 1895 ஜூலை முதல் 1896 ஜூன் வரை.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். மாரிமுத்து மகன் பெருமாள், பெருமாள் மகன் மாரிமுத்து, மறுபடி மாரிமுத்து மகன் பெருமாள். தகப்பன் பெயரும் ஒத்துப்போவதால் நாற்பது ஐம்பது வருஷம் இடைவெளியுள்ள இரண்டு பேரை ஒருவராக எண்ணிவிடுவார்கள். வயதோ மனைவி பெயரோ கூட ஒத்துவந்தால் ஒழிய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிலமில்லாமல் கூலிக்குப் போன குடும்பம் என்றால் பத்திரத்தில் பெயர் வராது. கப்பலேறியவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு மூன்று வழி. பிறப்பு இறப்புப் பதிவேடு ஒன்று. 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு யாரும் தேடல் கேட்கலாம் என்கிறது. பழைய கிராமப் புத்தகங்கள் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் "ஆண்", தகப்பன் பெயர் இன்னார் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆகையால் தகப்பன் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது, ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. ஊரில் தங்கிவிட்ட தம்பியின் பிள்ளைகள் அதில் இருக்கக்கூடும்.

மூன்றாவது குலதெய்வம். சேலம் பக்கம் பங்காளி என்று சொல்லிக்கொண்டு யார் போய் நின்றாலும் முதல் கேள்வி "உங்க குலதெய்வம் எதுங்க?" என்பதுதான். டர்பன் வீட்டில் எந்தச் சாமிக்கு ஆடு வெட்டினார்கள், எந்தச் சாமி பெயரை மூத்த பிள்ளைக்கு வைத்தார்கள் என்று துருவிக் கேளுங்கள். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு பூசாரியிடமோ தர்மகர்த்தாவிடமோ இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு என்பதால் அந்த நோட்டே பங்காளிகளின் பட்டியல். அதோடு பழைய மொய் நோட்டையும் கேளுங்கள், பெண் கொடுத்த, எடுத்த ஊர்கள் அதில்தான் தெரியும். இந்த நோட்டுகளை யாரும் கொடுத்தனுப்ப மாட்டார்கள், கொடுத்தனுப்பவும் கூடாது. வீட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதுதான் மரியாதை.

இனி ஆள். பழைய கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படிப்பவர்கள் பத்திர எழுத்தர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள். அவர்களுக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். பெருமாள், தகப்பன் பெயர் மாரிமுத்து, வயது 22, 1890இல் நேட்டால் சென்றவர். கப்பல் பட்டியல் வரியின் படம் இணைத்துள்ளேன். ஊர் ஆத்தூர் தாலுகா என்று உள்ளது, கிராமப் பெயரை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டையும் எழுதியுள்ளேன். எங்கள் குலதெய்வம் இது. இவருக்கு ஒரு தம்பி இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: 1885 முதல் 1905 வரை பெயர் அட்டவணையில் மாரிமுத்து அல்லது அவர் மகன்கள் எழுதிய, வாங்கிய பத்திரம் உண்டா? இருந்தால் புத்தக எண், பக்க எண், நகல் வேண்டும். இல்லையென்றால் எந்த ஆண்டுகள் பார்த்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகும் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள்."

"இல்லை" என்ற பதிலுக்கும் கூலி கொடுங்கள். கண்டுபிடித்தால்தான் பணம் என்று பேசினால், கண்டுபிடித்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். பெயர் ஒத்த யாரோ ஒருவரை உங்கள் பாட்டனாக்கி அனுப்பிவிடுவார்கள். நாள் கூலி, போக்குவரத்து, அலுவலகக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாகப் பேசி, பாதியை முன்பணமாகத் தாருங்கள், ரசீதின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் நிலத்தில் பங்கு கேட்க வரவில்லை என்று தெளிவாக எழுதுங்கள். வெளிநாட்டுப் பங்காளி என்றதுமே சொத்துக்கு வருகிறார்களோ என்ற பயம் வந்து வாய் மூடிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்கள்தான் அதில் மனுப் போட முடியும், ஆகையால் இங்குள்ள ஒருவர் தம் பெயரில் போட வேண்டும். மனுவுக்கு 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "என் முன்னோர் யார்" என்று கேட்டால் நிராகரிப்பார்கள். "இன்ன கிராமத்தின் ரீ-செட்டில்மெண்ட் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் உள்ளதா, இல்லையெனில் எந்த அலுவலகத்துக்கு எப்போது ஒப்படைக்கப்பட்டது" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

பட்டியலில் சேர்வராயன் மலை, ஏற்காடு என்று இருந்தால் கணக்கே வேறு. அவர் மலையாளி இனத்தவராக (கேரளத்தார் அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) இருக்கலாம், அல்லது காப்பித் தோட்டத்துக்குக் கீழேயிருந்து கூலிக்கு ஏறியவராக இருக்கலாம். மலையாளி என்றால் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்ற மூன்று பிரிவில் எந்த நாடு என்பதை வைத்துத்தான் ஊர்க்கவுண்டரிடம் விசாரிக்க முடியும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் கூடும், விசாரிக்க அதைவிட நல்ல சமயம் இல்லை. தோட்டக் கூலி என்றால் மஸ்டர் ரோலும் (ஆள் வருகைப் பதிவேடு) சம்பளப் புத்தகமும் தோட்ட முதலாளியின் சொந்த உடைமை. தோட்டத்தின் பெயரையும் பத்தாண்டையும் குறித்து மேலாளருக்கு எழுதிக் கேட்கலாம், தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு. கத்தோலிக்கர்களுக்கு ஒரு விஷயம்: சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் உருவானது, அதற்கு முன் இந்தப் பகுதிகள் பாண்டிச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களில் இருந்தன. முதலில் பங்குச் சாமியாருக்கு எழுதுங்கள், அங்கே புத்தகம் இல்லையென்றால் அந்தப் பங்கு 1930க்கு முன் எதன் கீழ் இருந்தது என்று கேட்டு அங்கே எழுதுங்கள். புராட்டஸ்டண்டுக் குடும்பம் என்றால், லண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது. அதன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன.