உலகக் கோப்பைக் கால்பந்து: டிவி, சந்தா, ஜெர்சி, டிக்கெட் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

2026 ஜூன் 11-ல் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகள், 16 நகரங்கள், முதல் முறையாக 48 அணிகள், மொத்தம் 104 ஆட்டங்கள். கடைகளில் இப்போதே 'உலகக் கோப்பை ஆஃபர்' பலகை ஏறிவிட்டது. வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் 32 இன்ச் டிவி இருக்கிறது. உலகக் கோப்பைக்காக 55 இன்ச் வாங்கியே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். '120 ஹெர்ட்ஸ் இருந்தால்தான் பந்து தெளிவாகத் தெரியும்' என்று கடைக்காரர் சொல்கிறார். எங்கள் ஹால் சின்னது. என்ன செய்யட்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் ஒரு டேப்பை எடுத்து, சோபாவுக்கும் டிவி மாட்டும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள் அம்மா. திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 4கே டிவி கண்ணுக்கு இதமாக இருக்கும். 43 இன்ச்சுக்கு ஐந்தரை அடி, 55 இன்ச்சுக்கு ஏழு அடி. உங்கள் ஹாலில் ஆறடிதான் கிடைக்கும் என்றால் 43 இன்ச்சே தாராளம். பந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்போது கழுத்தைத் திருப்ப வேண்டிய அளவுக்குத் திரை பெரிதாக இருந்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

120 ஹெர்ட்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. ஹெர்ட்ஸ் என்பது திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை புதிதாகிறது என்ற கணக்கு. நம் டிவி ஒளிபரப்பே அவ்வளவு வேகத்தில் வருவதில்லை. 60 ஹெர்ட்ஸ் பேனலில், அதாவது திரையில், ஆட்டம் நன்றாகவே பார்க்கலாம். அதோடு, அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 120 என்று போட்டிருப்பது பல மாடல்களில் மென்பொருள் செய்யும் வேலையின் கணக்கு, பேனலின் உண்மையான வேகம் அல்ல. 'பேனல் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு?' என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள்.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள். பூ மெதுவாக மலர்வதும் கடல் மீன் நீந்துவதும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். மகனை ஒரு பழைய கால்பந்து ஆட்டத்தைப் போடச் சொல்லி, கோல்கீப்பர் நீளமாக உதைக்கும் நேரத்தில் பந்தை மட்டும் பாருங்கள். பின்னால் வால் போல மங்கலாக இழுத்துக்கொண்டு போனால் அந்த மாடல் வேண்டாம். புல்லையும் கவனியுங்கள். கடைகளில் 'விவிட்' என்ற அமைப்பில் வைத்திருப்பதால் புல் பச்சை மை கொட்டியது போலத் தெரியும். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள். வீட்டில் நீங்கள் பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான்.

விலையில் ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18-தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'வட்டியில்லா இஎம்ஐ' என்றால் செயல்பாட்டுக் கட்டணம் உண்டா, மொத்தப் பணம் கட்டினால் விலை குறையுமா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். பேனலில் கீறல் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடுதல் வாரண்டி விற்றால், பேனலும் அதில் அடக்கமா என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். டிவியில் செலவு பிடிப்பதே பேனல்தான்.

கேள்வி: எந்த செயலிக்குச் சந்தா கட்டுவது? போன முறை ஒன்றில் பார்த்தேன், அதற்கே ஆண்டுச் சந்தா கட்டிவிடலாமா? இன்னொன்று, பக்கத்து வீட்டில் 'கோல்' என்று கத்தி அடங்கிய பிறகுதான் எனக்கு கோல் விழுகிறது! (வாசகர், கோவை)

பதில்: கட்டாதீர்கள். ஒளிபரப்பு உரிமை ஒரே கையில் நிற்பதில்லை. இந்தியாவில் 2018-ல் சோனியிடம் இருந்தது, 2022-ல் வயாகாம்18-க்குப் போனது. அறிவிப்பில் 2026 உலகக் கோப்பை என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'எல்லா விளையாட்டும்' என்ற பொது வாசகத்தை நம்பிக் கட்ட வேண்டாம்.

நாள் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். போட்டி 39 நாள். ஜூன் 11 அன்று 28 நாள் பேக் போட்டால் அது ஜூலை 8-ல் முடிந்துவிடும். கால் இறுதி தொடங்குவதே ஜூலை 9-ல். மொத்தப் போட்டிக்கும் எது மலிவு என்று, இரண்டு ரீசார்ஜ் விலையையும் மூன்று மாத பேக்கின் விலையையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேபிள், டிடிஎச் என்றால் முழுத் தொகுப்பு தேவையில்லை. அந்த விளையாட்டுச் சேனலை மட்டும் தனியாகச் சேர்த்து, போட்டி முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இந்த நேரக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும் மோதும் தொடக்க ஆட்டம் அங்கே ஜூன் 11, வியாழன். நமக்கு அது வியாழன் இரவு கடந்து ஜூன் 12, வெள்ளி பிறந்ததும் நள்ளிரவு 12.30. இறுதி ஆட்டம் அங்கே ஜூலை 19, ஞாயிறு. நமக்கு ஞாயிறு இரவு கடந்து ஜூலை 20, திங்கள் பிறந்ததும் நள்ளிரவு 12.30. இதில் டேட்டாவும் மாட்டிக்கொள்ளும். தினசரி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகும் பேக் என்றால், 12.30 ஆட்டம் மறுநாள் பங்கைத் தின்றுவிடும். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரையிலிருந்து மூன்று ஜிபி வரை போகும். காலையில் அலுவலக வேலைக்குக் கொஞ்சமும் மிஞ்சாது. வைஃபை இல்லாதவர்கள் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேபிள் இருக்கும். இணையத்தில் வரும் படம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சேர்த்து வைத்துப் பிறகு ஓடுவதால் அரை நிமிடம் வரை பின்தங்குவது சாதாரணம். வேகமான இணைப்புக்கு அதிகப் பணம் கட்டினாலும் இது தீராது. கோல் விழுந்த அந்த நொடியில் நீங்களும் கத்தவேண்டும் என்றால் கேபிளோ டிடிஎச்சோதான் வழி. செயலியில்தான் பார்ப்பேன் என்றால் போனில் வரும் கோல் அறிவிப்புகளையாவது அணைத்து வையுங்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர்ந்தாக வேண்டும் என்பது 2007-ம் ஆண்டுச் சட்டம். அந்தப் பட்டியலில் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், கால் இறுதி, அரை இறுதி, இறுதி ஆட்டங்கள் உண்டு. ஆனால் அப்படிப் பகிரும் படத்தை தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கேபிளில்தான் டிடி ஸ்போர்ட்ஸ் வருகிறதே' என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 599 ரூபாய்க்கு 'ஒரிஜினல் பிளேயர் எடிஷன்' அர்ஜென்டினா ஜெர்சி என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (மாணவர், மதுரை)

பதில்: தம்பி, அந்த விலைக்கு ஒரிஜினல் பிளேயர் எடிஷன் கிடைக்காது. ஜெர்சியில் மூன்று வகை உண்டு. ஆட்டக்காரர்கள் போடுவதைப் போன்ற பிளேயர் எடிஷன் உடம்போடு ஒட்டும், சின்னம் சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். ரசிகர்களுக்கான ஃபேன் எடிஷன் கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும், சின்னம் தைக்கப்பட்டிருக்கும். விலையும் குறைவு. மூன்றாவது, கடைகளில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லி விற்பது.

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் உள்பக்கம் இடுப்பருகே இருக்கும் சின்ன லேபிளைத் தேடுங்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் குறியீடு இருக்கும். அதை அப்படியே இணையத்தில் தேடினால் அதே ஜெர்சி, அதே நிறம் வரவேண்டும். வேறொரு ஷூவோ டிராக் பேண்ட்டோ வந்தால் காப்பி. அப்புறம் சின்னத்தின் மேல் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணுங்கள், வென்ற உலகக் கோப்பைக்கு ஒன்று. 1978, 1986, 2022 என்று அர்ஜென்டினாவுக்கு இப்போது மூன்று. இரண்டே இருந்தால் பழைய சரக்கு. பிரேசிலுக்கு ஐந்து. எந்த நிறுவனத்தின் முத்திரை என்பதையும் பாருங்கள். அர்ஜென்டினாவுக்கு அடிடாஸ், பிரேசிலுக்கும் பிரான்ஸுக்கும் நைக்கி. போர்ச்சுகல் 2025 முதல் பூமாவுக்கு மாறிவிட்டது.

2022 டிசம்பரில், இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள், என் அக்கா மகனுக்கு ஒரு கடையில் 10-ம் எண் ஜெர்சி வாங்கினேன். இரண்டாவது துவைப்பில் எண்ணின் '1' உரிந்து கையோடு வந்தது. பில் வாங்காததால் திரும்பிப் போய்க் கேட்க வழியில்லை. அந்தப் பையன் உரிந்த துண்டைப் பசை போட்டு ஒட்டி, அதையே ஒரு வருடம் போட்டுத் திரிந்தான். ஆகவே பில் இல்லாமல் வாங்காதீர்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

காசு குறைவு என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கடையில் அந்த நிறத்தில் சாதாரண பாலியஸ்டர் டி-ஷர்ட் எடுத்து, உங்கள் பெயரையும் பிடித்த எண்ணையும் அச்சடித்துக்கொள்ளுங்கள். அது போலியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.

கேள்வி: மகன் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். ஜூலையில் நாங்களும் அங்கே இருப்போம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இறுதி ஆட்ட டிக்கெட்டை பிடிஎஃப் ஆக அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள் ஐயா. இந்த முறை டிக்கெட் எல்லாம் போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் செயலியில் போனில்தான் இருக்கும். பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதைக் காட்டினாலும் உள்ளே விடமாட்டார்கள். மறுவிற்பனைக்கு ஃபிஃபாவே தளம் வைத்திருக்கிறது. வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். அதிகம்தான், ஆனால் டிக்கெட் உங்கள் பெயருக்கு வந்து சேரும். விலை தேவைக்கேற்ப ஏறி இறங்கும் முறை இது. 2025 செப்டம்பரில் அறிவித்தபோதே முதல் சுற்றில் 60 டாலரில் தொடங்கி இறுதி ஆட்டத்தின் மேல் வகுப்புக்கு 6,730 டாலர் என்று இருந்தது. அந்த விலையைக் கேட்டு நீங்கள் மனம் கலங்க வேண்டாம். இறுதி ஆட்டம் நடக்கும் அதே நியூஜெர்சி மைதானத்தில் முதல் சுற்று ஆட்டங்களும் நடக்கின்றன, ஜூனிலேயே போக முடிந்தால் அவற்றைப் பாருங்கள். டிக்கெட் இருந்தால் விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பெரிய திரை கட்டி எல்லோரும் சேர்ந்து பார்க்க ஆசை. செலவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் வாங்கலாமா? (இளைஞர் குழு, வியாசர்பாடி)

பதில்: உங்கள் பேட்டையில் கால்பந்து எவ்வளவு ஊறியது என்று ஊருக்கே தெரியும். அவசியம் சேர்ந்து பாருங்கள். ஆனால் நுழைவுக்குப் பணம் வாங்கினாலோ, கடைக்காரரின் விளம்பரப் பலகை வைத்தாலோ அது வணிகத் திரையிடல் ஆகிவிடும், அதற்கு உரிமம் வேண்டும். வீட்டுக்கு வாங்கிய சந்தா வீட்டுக்கு மட்டும்தான். புரொஜக்டர் வாடகைக்கு எடுங்கள், விலைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலான ஆட்டங்கள் இரவு ஒன்பதரைக்கும் காலை ஒன்பதரைக்கும் நடுவே வருகின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. ஆகவே மன்றத்துக்குள், கதவை அடைத்து, டிவி சத்தத்திலேயே பாருங்கள். தெருவில் திரை கட்டுவதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் வரும் இலவச லிங்க்கில் பார்த்தால் என்ன ஆகும்? (வாசகர், நெல்லை)

பதில்: உரிமை இல்லாத ஒளிபரப்பு என்பது ஒரு பக்கம். 'இந்த செயலியை இறக்கினால் ஆட்டம் தெரியும்' என்று ஏபிகே கோப்பு அனுப்புவார்கள். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் வங்கி ஓடிபி அவர்கள் கைக்குப் போகும். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டச் சொல்லும் செயலிகளும் இதே வழியில் வருகின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு 68 வயது. பேரனோடு உட்கார்ந்து பார்க்க ஆசை, ஒன்றும் புரியவில்லை. புத்தகம் ஏதாவது வாங்கவேண்டுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் அம்மா. ஆட்ட அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பிரிவுக்கு நான்கு அணி, 12 பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம், அதோடு மூன்றாம் இடத்தில் சிறந்த எட்டு அணிகள், மொத்தம் 32 அடுத்த சுற்றுக்குப் போகும். ஒவ்வொரு காலையும் பேரனைக் கேட்டு கோல் எண்ணிக்கையைப் பேனாவால் எழுதுங்கள். ஒரு வாரத்தில் யார் தேறுவார் என்று அவனுக்கு நீங்கள் சொல்வீர்கள். கேப் வெர்டி, குராசோ, உஸ்பெகிஸ்தான், ஜோர்டான் நான்கும் முதல் முறை வருகின்றன. அதில் ஒன்றை உங்கள் அணியாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடாமல் பார்க்க, காலை ஆறரை மணி ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கா, பராகுவே ஆட்டம் ஜூன் 13, சனிக்கிழமை காலை 6.30-க்கு. பள்ளி விடுமுறை என்றால் பேரனும் இருப்பான், காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.