அதற்க்கு, முயற்ச்சி, இறங்கல்: வாசகர் கேள்வி பதில்

போனில் தமிழ் எழுதும்போது கண்ணை உறுத்தும் பிழைகள் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பெரம்பூர் வாசகி: உறவினர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது காலமான செய்தி வந்தால் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வரிசையாகப் போடுகிறார்கள். எது சரி?

‘இரங்கல்’தான் சரி. இடையின ர. பிறர் துயரத்துக்காக மனம் உருகுவது இரங்குவது. படியிலிருந்தோ பேருந்திலிருந்தோ கீழே வருவது இறங்குவது. துக்கச் செய்திக்குப் பலரும் மேலே இருப்பதை நகலெடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். அதனால் முதல் ஆள் தவறினால் பின்னால் வருகிறவர்களும் தவறுகிறார்கள். செய்தியை முதலில் பார்ப்பவர் நீங்களாக இருந்தால் சரியாக எழுதிப் போடுங்கள். அடுத்து வருகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். தவறாகப் போட்டவரை அந்தக் குழுவில், அந்த நாளில் திருத்த வேண்டாம்.

கல்யாணச் செய்திகளில் இதே கதைதான்: ‘மணமார்ந்த’, ‘மனமக்கள்’. ‘மணமக்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்’ என்ற ஒரு வரியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டால் போதும். திருமணத்துக்கு மூன்று சுழி, உள்ளத்துக்கு இரண்டு சுழி.

அம்பத்தூர் வாசகர்: ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்று படித்தவர்கள்கூட எழுதுகிறார்கள். இதற்கு எளிய விதி உண்டா?

உண்டு, விதிவிலக்கே இல்லாத விதி. தமிழ்ச் சொல்லுக்குள் ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு, எதற்காக, ஏற்பாடு, காட்சி, நட்பு, வெட்கம். ற், க் இரண்டும் புள்ளியோடு அடுத்தடுத்து நின்றால் பின்னால் நிற்கும் க் எழுத்தை அடித்துவிடலாம், யோசிக்கவே வேண்டாம். குழப்பம் வருவது மகிழ்ச்சி, வளர்ச்சி, காய்ச்சல் போன்ற சொற்களால். ய், ர், ழ் இந்த மூன்றுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு மெய் வரலாம். அந்தப் பழக்கத்தில் ‘முயற்ச்சி’ வந்துவிடுகிறது. திருத்தப் போய் ‘மகிழ்சி’ என்று எழுதிவிடுபவர்களும் உண்டு; அதுவும் பிழை.

இதோடு சேர்த்து இன்னொன்று: ன் எழுத்துக்கு இனம் ற, ண் எழுத்துக்கு இனம் ட. ‘நன்ரி’, ‘கன்டிப்பாக’ இரண்டும் எந்த இடத்திலும் சரியாகாது.

வேளச்சேரி வாசகி: மழைக்காலத்தில் ‘தெருவில் வெல்லம்’ என்று செய்தி வருகிறது. ல, ள, ழ எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?

காதை மட்டும் நம்பினால் சென்னையில் ஏமாந்துபோவோம். இங்கே வாழைப்பழமே பலர் வாயில் வாளப்பளம். நாக்கைக் கவனியுங்கள். ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ள சொல்லும்போது மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது மடங்கும், ஆனால் ஒட்டாது.

வினைச்சொல்லில் ஐயம் வந்தால் இறந்தகாலத்தைச் சொல்லிப் பாருங்கள். ன்ற, ற்ற வந்தால் வேரில் இருப்பது ல்: கொன்றான், கொல், சென்றான், செல், விற்றான், வில், அதிலிருந்து விற்பனை, விலை. ண்ட, ட்ட வந்தால் ள்: கொண்டான், கொள், ஆண்டான், ஆள், கேட்டான், கேள். ழ் அப்படியே நிற்கும்: வாழ்ந்தான், தாழ்ந்தது, மகிழ்ந்தாள். பெயர்ச்சொல்லும் கூட்டுச் சொல்லில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கடற்கரையில் ற் இருப்பதால் கடல். தீவுத்திடல் பொருட்காட்சியில் ட் இருப்பதால் பொருள். நாட்காட்டி என்பதால் நாள். இந்தச் சோதனை ர, ற குழப்பத்துக்கு உதவாது.

வெள்ளம், வெல்லம் இரண்டுக்கும் இந்தச் சோதனையும் இல்லை. பொங்கலில் போடுவது வெல்லம், வேளச்சேரிக்கு வருவது வெள்ளம் என்று மனப்பாடமாகத்தான் வைக்க வேண்டும்.

திருவல்லிக்கேணி வாசகர்: எங்கள் ஊர்ப் பெயரையே ‘திருவள்ளிக்கேணி’ என்று எழுதுகிறார்கள்.

அல்லிக்கேணி என்பதில் இருப்பது அல்லிப்பூ. வள்ளிக்கு அங்கே வேலை இல்லை. பல்லாவரத்துக்கு ல், பள்ளிக்கரணைக்கு ள், சோழிங்கநல்லூருக்கு ழ. கீழ்ப்பாக்கத்தில் ப் விடக்கூடாது. உருபு சேரும்போதும் பார்க்க வேண்டும்: அடையாறு என்று எழுதினால் அடையாற்றில், கோயம்பேடு என்றால் கோயம்பேட்டில். று, டு என்று முடியும் சொற்கள்தாம் இப்படி இரட்டிக்கும்: கிணற்றில், வயிற்றில், வீட்டில். இதைப் பார்த்துச் ‘சுவற்றில்’ என்று எழுதுவது பிழை. சுவர் என்ற சொல்லில் று இல்லையே, ஆகவே சுவரில்.

மடிப்பாக்கம் வாசகர்: க், ச், த், ப் எங்கே போடுவது, எங்கே விடுவது என்றே தெரியவில்லை. பயந்துபோய் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறேன்.

போடாமல் விடுவதைவிடக் கூடாத இடத்தில் போடுவதுதான் இப்போது அதிகம் கண்ணில் படுகிறது. முதலில் ‘செய்துக்கொண்டு’, ‘வந்துக்கொண்டு’ இரண்டையும் நிறுத்துங்கள். து, டு, று என்று முடியும் வினையெச்சத்தில் கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அது புள்ளி வைத்த வல்லினமாக இருந்தால் மட்டும் ஒற்று மிகும்: படித்துக்கொண்டு, கேட்டுச் சொல், விற்றுத் தீர்ந்தது. மற்றபடி மிகாது: செய்துகொண்டு, வந்துகொண்டு, நின்று பேசினார், அழுதுகொண்டு. இகரத்தில் முடிந்தால் மிகும்: பேசிக்கொண்டு, ஓடிப் போனான். போய் என்பதற்கும் மிகும்: போய்க்கொண்டு.

அடுத்து நாள்தோறும் பயன்படுபவை. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின் மிகும்: அந்தக் கடை, எப்படிச் சொன்னார். ஐ உருபுக்கும் கு உருபுக்கும் பின் மிகும்: அவரைப் பார்த்தேன், அக்காவுக்குக் கொடு. ‘ஆக’ என்று முடிந்தால் மிகும்: நன்றாகப் படித்தாள். அது, இது, எது, சில, பல இவற்றின் பின் மிகாது: இது போதும், சில கடைகள். வந்த பையன், படித்த பெண் போன்ற இடங்களில் மிகாது. வாழ்க தமிழ் என்பதிலும் மிகாது.

விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறீர்கள். பலகை எழுதுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்கலாம்.

எழுதி முடித்ததைச் சரிபார்க்க நாவி என்ற சந்திப் பிழைதிருத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது காட்டும் எல்லாத் திருத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், மேலே சொன்ன விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

வாழ்த்துகள் என்று எழுதுவதையே பரிந்துரைக்கிறோம். கள் என்பது பன்மை விகுதி, தனிச்சொல் அன்று. நாடுகள், ஆறுகள், கருத்துகள் போல அது நேராகச் சேர்கிறது. பூ, ஈ போன்ற சில ஓரெழுத்துச் சொற்களிலும், பசு, தெரு, கொசு போல இரண்டு குறில் மட்டுமே இருந்து உகரத்தில் முடியும் சொற்களிலும் க் மிகும். ஆனால் வாழ்த்துக்கள், எழுத்துக்கள் என்ற வடிவங்களும் நெடுங்காலமாக நல்ல நூல்களில் அச்சாகி வந்திருக்கின்றன. பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவரிடம் இதற்காக வாதாட வேண்டாம். ‘வால்த்துக்கள்’ என்பதைத் திருத்துங்கள், அது போதும். நாள்கள், நாட்கள் சர்ச்சையும் இந்த வகைதான்.

தாம்பரம் கல்லூரி மாணவி: பேசுவது போலவே எழுதினால் பிழையா? ‘பன்றேன்’ என்று எழுதியதற்கு அண்ணன் கேலி செய்கிறார்.

பேச்சுத்தமிழில் எழுதுவது பிழை அன்று. ஆனால் பேச்சுத்தமிழுக்கும் எழுத்துக்கூட்டல் உண்டு, அதை வேர்ச்சொல் முடிவு செய்கிறது. பண்ணு என்பதால் பண்றேன், மூன்று சுழி. ‘கிறேன்’ என்பதன் சுருக்கம் என்பதால் எப்போதும் வல்லின ற: சொல்றேன், வர்றேன், தர்றாங்க. ‘சொல்ரேன்’ தவறு. ஒரே செய்தியில் ‘நான் வந்துட்டேன், தாங்கள் எங்கிருக்கிறீர்கள்’ என்று இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது பலர் கையில் வலியும் வழியும் ‘vali’ என்று ஒரே சொல்லாகிவிடுகின்றன. மருத்துவமனையிலிருந்து ‘வழி இருக்கா’ என்று கேட்பவரையும் ‘வலி இருக்கா’ என்று கேட்பவரையும் பிரித்தறிய முடியாது. அவசரச் செய்தியாவது தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.

அண்ணா நகர் வாசகர்: எனக்கு எழுத்து தெரியும், போன்தான் மாற்றிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஆங்கில ஒலிப்படி தட்டும்போது ஒரே விசையில் ல, ள, ழ மூன்றுக்கும் வாய்ப்பு இருப்பதால் எதுவென்று செயலி ஊகிக்கிறது. இடைவெளியைத் தட்டியதும் அதன் முதல் ஊகம் உள்ளே போய்விடுகிறது. இடைவெளி தட்டுவதற்கு முன் பரிந்துரைப் பட்டையைப் பார்த்துச் சரியான சொல்லைத் தொடுங்கள்.

நிலையான தீர்வு தமிழ்99 விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கை பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கை பக்கம். ல, ள, ழ, ர, ற, ன, ண, ந ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. ந, த தட்டினால் ந்த. ஐபோனில் இது உள்ளமைவாகவே இருக்கிறது. செல்லினம் செயலியிலும் உண்டு. தொடக்கத்தில் வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஔ தட்டும்போது கவனம் தேவை. ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினியின் எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) அது வேறு. அப்படி எழுதிய சாலைப் பெயர், ஔவை சண்முகம் சாலை என்று சரியாகத் தேடுபவருக்குச் சிக்காமல் போகலாம். கௌரவத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

போரூர் வாசகி: ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ சரியா?

இல்லை. ஒவ்வொரு வீட்டிலும். ‘நிகழ்ச்சிகள் நடைபெற்றது’ என்பதும் நடைபெற்றன என்றே வர வேண்டும்.

கொளத்தூர் வாசகர்: பெரியப்பா தினமும் ‘இணிய காலை வணக்கம்’ என்ற படத்தை அனுப்புகிறார். திருத்தலாமா?

படத்தை அவர் செய்யவில்லை, வந்ததை அனுப்புகிறார். குழுவில் சொல்லாமல் அவருக்குத் தனியாக, ‘பெரியப்பா, இதில் ஓர் எழுத்து மாறியிருக்கு, இந்தப் படத்தைப் போடுங்க’ என்று சரியான படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுப்படம் கையில் இருந்தால் பெரியவர்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள்.

ஒரே இடத்தில் மட்டும் யார், எவர் என்று பார்க்காமல் குழுவிலேயே உடனே திருத்துங்கள்: ரத்தம் தேவை, ஆளைக் காணவில்லை போன்ற செய்திகள். ராயப்பேட்டையில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது, ராயபுரத்தில் வேறோர் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெயர் மாறினால் ரத்தம் கொடுக்கக் கிளம்பியவர் தவறான வாசலில் போய் நிற்பார்.