40 படம் என்றால் 40 கரடியா?

தானியங்கி கேமராவில் 40 கரடிப் படங்கள் விழுந்திருக்கின்றன, 40 கரடி என்றே அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஒரே கரடி பல முறை வந்து போயிருக்கும். கருங்கரடிகளை முகம் பார்த்துப் பிரிப்பதும் லேசில்லை.

முடியைச் சேகரியுங்கள். அதிலுள்ள டிஎன்ஏவை வைத்து எது எந்தக் கரடி என்று பிரிக்கலாம். அனுமதி வாங்கி, நடுவில் வாசனைப் பொருள் வைத்து, சுற்றிலும் அரை மீட்டர் உயரத்தில் முள்கம்பி கட்டினால், நுழையும் கரடியின் முடி முள்ளில் சிக்கும். வேரோடு வந்த முடிதான் டிஎன்ஏவுக்கு நல்லது. காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். அப்புறம் அடுத்த சுற்றுகளில் அதே கரடிகள் எத்தனை திரும்ப வருகின்றன என்பதை வைத்து, சிக்காதவற்றையும் சேர்த்து மதிப்பிடலாம்.

குட்டிகள் குறைந்தால் உடனே வேட்டை என்று முடிவுகட்டாதீர்கள். பழமும் கொட்டையும் பொய்த்த ஆண்டில் தாய்க்குக் கொழுப்பு சேராது. கரு கருப்பையில் பதியாமலே போகலாம்.