எடையைப் பற்றி எழுதும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் உடல்நல விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கு ‘குண்டு உடம்பு வெட்கக்கேடு! இன்றே இளைத்துக் காட்டு!’ என்று வாசகம் எழுதியிருக்கிறோம். உறைக்கிற மாதிரி சொன்னால்தானே மாறுவார்கள்?

பதில்: உறைக்கும். ஆனால் உறைத்தவர் அதன் பிறகு செய்வது நீங்கள் எதிர்பார்ப்பதல்ல. எடைக்காகக் கூனிக்குறுக வைக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள், நாலு பேர் பார்க்கும் இடத்தில் உடற்பயிற்சி செய்யக் கூசுகிறார்கள், மன வேதனையில் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாருக்காக ஒட்டினீர்களோ அவரைத்தான் அந்தச் சுவரொட்டி விரட்டும்.

மன உறுதி இருந்தால் எடை குறைந்துவிடும் என்ற நினைப்பும் அந்த வாசகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பரம்பரை, தூக்கக் குறைவு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. எடை குறையும்போது பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சரிந்து, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ஏறுகிறது. ஓராண்டு கழித்தும் இந்த மாற்றம் நீடிப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப் பசியோடு மல்லுக்கட்டுகிறவரிடம் ‘காட்டு’ என்று ஒருமையில் அதட்டுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவரிடம் இப்படிப் பேசுவோமா?

உடலை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். ‘வாரத்தில் 5 நாள், தினமும் 30 நிமிடம் வேகமாக நடங்கள். உங்கள் எடை எதுவானாலும் இதயத்துக்கு நல்லது’ என்று எழுதலாம். எடை குறையாவிட்டாலும் நடையின் பலன் உண்டு என்பதால் இது பொய்க்காத வாக்கு. அமெரிக்காவில் பல பிரசார வாசகங்களை மக்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னபோது, உடல் பருமன் என்ற சொல்லே இல்லாமல், காய்கறி, பழம் சாப்பிடுவது போன்ற செயலைச் சொன்னவற்றுக்குத்தான் நல்ல வரவேற்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன், எடை கூடுதலாக உள்ள நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் வரியை வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘குண்டானவர்’ கூடாது என்றால் எதைத்தான் எழுதுவது?

பதில்: ‘உடல் பருமன் உள்ளவர்’ என்று எழுதுங்கள். பருமன் அவருக்கு இருக்கும் ஒரு நிலை. அவரே பருமன் அல்ல. ‘ஊளைச்சதை’, ‘எடைக்கு எதிரான போர்’ இரண்டும் வேண்டாம். போர் தன் மீதுதான் என்றே அவருக்குக் கேட்கும். நேரில் பேசுவதானால், ‘உங்கள் எடையைப் பற்றிப் பேசலாமா?’ என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தன்னைக் குண்டு என்றே சொல்லிக்கொள்பவரும் உண்டு. அது அவருடைய உரிமை. அச்சில் நாம் எடுத்தாள வேண்டிய சொல் அல்ல.

கேள்வி: சுவரொட்டியில் எப்படிப்பட்ட படம் போடலாம்?

பதில்: தலையை வெட்டிவிட்டு வயிற்றை மட்டும் காட்டும் படம் கூடவே கூடாது. முகம் தெரிய, ஒழுங்காக உடுத்தி, ஏதோ வேலையில் இருக்கும் மனிதரைக் காட்டுங்கள்.

கேள்வி: பரிசோதனை முகாம் நடத்துகிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: எடை பார்க்கும் கருவியைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். எண்ணை உரக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பார்க்க விரும்பாதவர் கருவிக்கு முதுகு காட்டி நிற்கட்டும். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலிகள் சில இருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டையில். மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்துவிட்டுப் பட்டையைத் தேர்ந்தெடுங்கள்: 27 முதல் 34 செ.மீ. வரை வழக்கமான அளவு, 35 முதல் 44 வரை பெரிய அளவு. பெரிய கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ‘எடையால் வந்தது’ என்று இல்லாத நோயை ஒருவர் தலையில் கட்டி அனுப்பிவிடுவோம். குறைந்தது இரண்டு பெரிய பட்டைகள் கையிருப்பில் இல்லாமல் முகாமைத் தொடங்காதீர்கள்.